கூத்து போன வழியே ஒரு நடை

மட்டக்களப்பில் ஒரு கூத்து ஊரைக் காட்ட, முதல் தடவை பதினான்கு பேரை ஒரு வானில் ஏற்றிக்கொண்டு போனேன். காலை பத்தரை மணி, சித்திரை வெயில். கோயில் வாசலில் இறங்கி, தண்ணீர்ப் போத்தலைத் திறந்தபடி ஒருவர் கேட்டார்: "பார்க்கிற இடம் எங்க இருக்கு?"

என்னிடம் பதில் இல்லை. கொழும்பில் என்னோடு வேலை செய்கிற கூட்டாளிகளிடம் பெரிதாக அளந்து வைத்திருந்தவன் நான்தான். மூன்று தலைமுறையாக மத்தளம் தொங்குகிற வளவு, கூத்தாடாத ஆண்பிள்ளையே இல்லாத ஒழுங்கை, கலைஞர்களின் ஊர் என்றெல்லாம். அவர்கள் சுவரில் சித்திரமும் வாசலில் சிலையுமாக ஏதோ கற்பனை பண்ணிக்கொண்டு வந்திருந்தார்கள். அங்கே இருந்ததோ சீமெந்து வீடுகள், தகரப் படலை, கம்பி வேலி, வேலியோடு கட்டிய ஒரு கன்றுக்குட்டி. கூத்து ஊரில் கண்ணால் பார்க்க ஒன்றுமில்லை. இதை முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப்போனால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். நான் சொல்லவில்லை.

ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. மட்டக்களப்பு நகரத்திலிருந்து வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுப் பக்கம், வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரை ஊர்களில் ஒன்று. அவ்வளவு போதும். யாரோ வந்து, கேட்காமல் எடுத்த வீடியோவில், ஊரில் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் பழைய சாரத்தோடு மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருக்க, அதற்குக் கீழே "அழிந்துவரும் கலை" என்று போட்டுவிட்டார்கள். "நான் அழிஞ்சா போயிட்டன்?" என்று அவர் என்னிடம் கேட்டார். அதிலிருந்து ஊர்ப் பெயரைப் போடாதே என்பது அவருடைய நிபந்தனை.

அந்த முதல் நடை ஒன்றரை மணி நேரத்தில் படுத்துவிட்டது. கூத்தாடக் களரி போடுகிற வெளியில் நிழல் கிடையாது. பதினான்கு பேர் ஒரு ஒழுங்கைக்குள் நடந்தால் முன்னால் போகிறவர் கேட்பது பின்னால் வருகிறவருக்குக் கேட்காது. அறுவடை பிந்தியிருந்ததால் ஆண்கள் பாதிப்பேர் வயலில். கடைசியாக அண்ணாவியார் வீட்டு விறாந்தையில் எல்லோரும் நெருக்கியடித்து நின்றபோது எங்களில் ஒருவர், நல்ல மனசோடுதான், "ஐயா, ஒரு ஆட்டம் ஆடிக் காட்டுங்களேன்" என்றார். எழுபது தாண்டிய மனிதர். முழங்காலில் எண்ணெய் போட்டுத் துணி கட்டியிருந்தார். சிரித்துக்கொண்டே, "சதங்கை கட்டாம ஆடுறல்ல தம்பி" என்று முடித்துவிட்டார். எனக்குக் கூனிக்குறுகிப் போனது.

எங்களுக்கு வழிகாட்டியவன் அவருடைய மருமகன், தங்கச்சியின் மகன். மேசன் வேலை. கூத்தில் வீமன். வானில் ஏறும்போது என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னான்: "அண்ணே, நீங்க வழியப் பிழையாப் பிடிச்சிட்டீங்க. கோயில்ல துவங்கினா ஒண்டும் விளங்காது. கூத்துப் போன வழியால போகணும். மறுகா ஒருக்கா வாங்க, நான் கூட்டிப்போறன்."

அது என்ன வழி என்பதை அடுத்த வருசம்தான் தெரிந்துகொண்டேன். பங்குனி கடைசி, அறுவடை முடிந்த கையோடு. இந்தத் தடவை ஐந்தே பேர். இரண்டு ஓட்டோ. பிற்பகல் மூன்றே முக்காலுக்கு ஊருக்குள் கால் வைத்தோம்.

மட்டக்களப்புக் கூத்தைத் தெரியாதவர்களுக்கு நாலு வரி. அது ஒரு இரவில் ஆடி முடிகிற சங்கதி இல்லை. ஊர்ப் பெரியவர்களும் அண்ணாவியாரும் கூடி, குரலையும் உடம்பையும் பார்த்து, யாருக்கு எந்தப் பாத்திரம் என்று முடிவெடுத்து அவரவர் பாட்டை எழுதிக் கொடுப்பார்கள். இது சட்டம் கொடுத்தல். பழகிக் கால் பிடிபட்டதும் சதங்கை அணிகிற சடங்கு. அதற்குப் பிறகு கிழமைக்கொரு தடவை ஊர் பார்க்க ஆடுவது கிழமைக் கூத்து. முழுக்கூத்தையும் ஒழுங்காக ஓட்டிப் பார்ப்பது அடுக்குப் பார்த்தல். பிறகுதான் அரங்கேற்றம்: வட்டக் களரி, நடுவில் மத்தளமும் சல்லரித் தாளமுமாக அண்ணாவியார், சுற்றிவர ஊர்ச்சனம், இரவு தொடங்கி விடியும்வரை. அதோடும் முடிவதில்லை. அரங்கேற்றம் கழிந்ததும் கூத்தர்கள் வேசத்தோடு வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள். வீட்டுக்காரர் காசோ நெல்லோ துணியோ கொடுப்பார்கள்.

மருமகன் சொன்ன வழி இதுதான். சட்டம் கொடுத்த வளவில் தொடங்கி, பழகிய வெளி, உடுப்புக் கட்டிய வீடு, களரி, அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு. கூத்து எந்த ஒழுங்கில் வளர்ந்ததோ அதே ஒழுங்கில் கால் போக வேண்டும். ஊருக்குள் நடந்து காட்டுவதற்கென்று புதிதாக ஒரு பாதை போடத் தேவையில்லை, கூத்தே அதைப் போட்டு வைத்திருக்கிறது. நானோ வான் நிறுத்த இடமிருக்கிறது என்பதற்காகக் கோயிலில் தொடங்கியிருந்தேன். கதையை நடுவில் திறந்தது மாதிரி.

போவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே வெற்றிலை கொண்டுபோய் அண்ணாவியாரிடம் கொடுத்துக் கேட்டிருந்தேன். முதல் தடவை தொலைபேசியில் மருமகனிடம் சொன்னதோடு விட்டது எவ்வளவு பிழை என்பது, வெற்றிலை வட்டாவை அவர் வாங்கி வைத்த விதத்திலேயே தெரிந்தது. எத்தனை பேர், எத்தனை பெண்கள், எத்தனை மணிக்கு, என்ன சாப்பாடு என்று அவரே கேட்டார். யார் யார் வீட்டில் நிற்பது என்பதை அவரும் மருமகனும் தீர்மானித்து அந்தந்த வீட்டுக்குச் சொல்லிவைத்தார்கள். நாங்கள் போனபோது படலைகள் திறந்திருந்தன.

காலையில் அந்த ஐந்து பேரையும் கல்லடி உப்போடைக்குக் கூட்டிப்போய் தமிழறிஞர் விபுலாநந்த அடிகளின் சமாதியைக் காட்டியிருந்தேன். காரைதீவில் 1892இல் பிறந்தவர். சேக்ஸ்பியரை வைத்து மதங்க சூளாமணி என்று நாடக நூல் எழுதியவர். பழந்தமிழ் இசை பற்றிய அவருடைய யாழ் நூல் அரங்கேறிய 1947ஆம் ஆண்டிலேயே போய்ச் சேர்ந்தார். கூட வந்த ஒரு ஆசிரியைக்கு 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோன கதையும் தெரிந்திருந்தது. வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் பழக்க, மௌனகுரு போன்ற மாணவர்கள் ஆட, விடியவிடிய ஆடுகிற கூத்து மேடைக்கு ஏற்றபடி சுருங்கியது. கர்ணன் போர், இராவணேசன் எல்லாம் அப்படி வந்தவை. இதையெல்லாம் ஊருக்குப் போக முன்னமே பேசி முடித்தது நல்லதாகப் போயிற்று. ஊருக்குள் போய் நாங்கள் பாடம் எடுத்துக்கொண்டிருந்தால் அவர்கள் வாயே திறந்திருக்க மாட்டார்கள்.

சரி, வளவு. ஒரு பழைய புளியமரம், கீழே பிளாஸ்டிக் கதிரைகள். அண்ணாவியார் உட்கார்ந்து பேசும்போது அவருடைய வலதுகை கதிரைப் பிடியில் தட்டிக்கொண்டே இருந்தது. அவருக்கே தெரியாது. மருமகன் சட்டம் கொடுத்த கதையைச் சொல்லச் சொல்ல, எங்கேயோ ஒரு இடத்தில் அந்த விரல்கள் சட்டென்று நின்றன. "அது அப்பிடி இல்ல" என்றார். மருமகன் பிழையாகச் சொன்னது ஒரு பெயர். கேட்டுக்கொண்டிருந்தவர் காதால் கேட்டாரா விரலால் கேட்டாரா என்று எங்களுக்குள் ஒரு பேச்சு.

பிறகு உள்ளே போய் ஒரு உரப்பையைக் கொண்டுவந்தார். அதற்குள் பொலித்தீன், பொலித்தீனுக்குள் ஒரு வெள்ளைத்துணி, துணிக்குள் தடித்த சீ.ஆர். கொப்பி. கூத்துப் பாட்டெல்லாம் எழுதிய கூத்துக் கொப்பி. அவருடைய அப்பா கையால் எழுதிய பழையது 1978 கார்த்திகைச் சூறாவளியில் கூரையோடு போய்விட்டது. மனப்பாடமாக இருந்ததை நாலு பேர் கூடிச் சொல்லச் சொல்ல எழுதியது இது. 2007 பங்குனியில் போரால் படுவான்கரைச் சனமெல்லாம் வாவியைக் கடந்து இடம்பெயர்ந்தபோது அவர் எடுத்துப் போனவற்றில் இதுவும் ஒன்று. "மத்தளம்?" என்று கேட்டோம். "அத விட்டுட்டுத்தான் போன. மத்தளம் செய்யலாம்."

எங்களில் ஒருவர் கொப்பியைத் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். அண்ணாவியார் அதைக் கவனித்துவிட்டு அவர் பக்கமாகக் கொப்பியைத் திருப்பிவைத்தார். நாலு வரி வாசித்தும் காட்டினார். பக்கத்தைப் படம் எடுக்கலாமா என்று கேட்டோம். அட்டையை மட்டும் எடுக்கச் சொன்னார். எடுத்தோம்.

அடுத்து உடுப்புக்கார வீடு. என்னைக் கேட்டால் முழு நடையிலும் சிறந்த இடம் இதுதான், முதல் தடவை பட்டியலிலேயே இல்லாத இடமும் இதுதான். அண்ணாவியாரின் தம்பி பெண்சாதி, எல்லோருக்கும் மாமி. எங்கள் கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகை. வடமோடி அரசனுக்குக் கட்டுகிற கரப்புடுப்பு, பெயருக்கேற்றபடி கோழி மூடுகிற கரப்பு மாதிரித்தான் இருக்கும்: வளையம் வளையமாகக் கட்டி, மேலே துணியும் மணியும் கரையும் வைத்துத் தைத்தது. பாரமான சாமான். அதைக் கட்டிக்கொண்டு இரவு முழுக்கச் சுழன்று ஆட வேண்டும். தென்மோடிக்கு இவ்வளவு பாரம் கிடையாது, ஆனால் ஆட்டம் நுணுக்கம். எது கஷ்டம் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு பதில். வீமன் வேசம் போடுகிற மருமகன் என்ன சொல்வான் என்பது தெரிந்ததே.

மாமிக்கு ஊர் ஆண்களை இடுப்பளவால்தான் தெரியும். "தருமனுக்கு முப்பத்திரண்டு. அந்தக் காலத்து வீமன் நாப்பது, இந்த வீமன்" என்று மருமகனைக் காட்டி, "முப்பத்திநாலு, பஞ்சு வெச்சுத்தான் கட்டுற" என்றார். வெளிநாட்டில் இருக்கிற ஒரு துரியோதனனின் அளவை இன்னும் ஞாபகம் வைத்திருந்தார். அவர் ஆடினதை நேரில் பார்த்தீர்களா என்று ஆசிரியை கேட்டார். "எங்க பார்க்க? உடுப்புக் கட்டுற இடத்திலதான நான் நிக்கிற. சத்தம் கேட்கும். கிழிஞ்சா ஓடி வருவானுகள்." நாற்பது வருசம் கூத்துக்குத் தைத்தவர் ஒரு கூத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை. அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நான்தான் அன்றிரவு அதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்படியான இடத்தில் நேரம் போகட்டும் என்று விட வேண்டும். முதல் நடையில் ஒரு வீட்டுக்குப் பத்து நிமிடம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். மாமி வீட்டில் ஐம்பது நிமிடம் இருந்தோம். அதனால் இரண்டு வீடுகள் விடுபட்டுப் போயின, ஒன்றும் குடிமுழுகவில்லை.

களரி வெளிக்குப் போகிற வழியில் ஒரு சந்தி. இடது பக்கம் ஒரு ஒழுங்கை பிரிந்து போனது. மருமகன் அதைத் தாண்டி நேரே நடந்தான். அங்கே என்ன என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, "அது மேளக்காரர் இருக்கிற இடம். கூத்து அந்த வழியால போறல்ல" என்றான்.

கூத்துப் போன வழியால் நடக்கிறோம் என்று நான் மகிழ்ந்துகொண்டிருந்த வழிக்கு இப்படியும் ஒரு பக்கம் இருக்கிறது. பறைமேளக் கூத்து மட்டக்களப்பின் சொந்த ஆற்றுகை. கோயில் சடங்கும் சாவு வீடும் அந்த மேளமும் சொர்ணாளிக் குழலும் இல்லாமல் நடவா. ஆனால் அரசன் வேசத்தோடு வீட்டுக்கு வீடு போன கூத்து அந்தப் படலைகளில் நின்றதில்லை. சாதியும் பெண்ணும் கூத்துக்குள் எங்கே நிற்கிறார்கள் என்பதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டு நாடக ஆய்வாளர் சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் குழுவினரும் மட்டக்களப்புச் சீலாமுனையில் ஊரவரோடு சேர்ந்து கூத்து மீளுருவாக்கம் செய்திருக்கிறார்கள். அதை நான் வாசித்திருந்தேன். வாசித்தது வேறு, அந்தச் சந்தியில் நின்றது வேறு.

திடுதிப்பென்று போய் நிற்கக்கூடாது என்பது எனக்கு அப்போதாவது தெரிந்திருந்தது. மருமகனை அனுப்பிக் கேட்டோம். ஒரு பெரியவர் ஒழுங்கை முகப்புக்கு வந்தார். "என்ன, சாவு வீடு ஒண்டும் இல்லையே" என்றார் எங்களைப் பார்த்து. சிரிப்பா குத்தலா என்று பிரிக்க முடியவில்லை. கேட்க விருப்பம் என்றோம். "இண்டைக்கு இல்ல. கேட்கிறெண்டா எங்களிட்ட வந்து கேளுங்க, அவங்களிட்டக் கேட்டுட்டு எங்களிட்ட வராதீங்க." நியாயம். அடுத்த தடவைக்கு அந்தப் பெரியவருக்குத் தனியாக வெற்றிலை கொண்டு போவதென்று அங்கேயே முடிவெடுத்தோம். நீங்கள் எந்தக் கலைஞர் ஊருக்குப் போனாலும், வழிகாட்டி எந்த ஒழுங்கையைத் தாண்டி நேரே நடக்கிறார் என்று பாருங்கள்.

களரி வெளியில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மண்ணைக் கொஞ்சம் உயர்த்திய வட்டம், கூத்து இல்லாத நாளில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுகிற இடம். செருப்பைக் கழற்றச் சொன்னான், கழற்றினோம். அந்தி வெயிலில் மண் இதமாக இருந்தது. முதல் தடவை இதே மண்ணில் பத்தரை மணிக்குக் காலை மாற்றி மாற்றி வைத்துத் துள்ளியது ஞாபகம் வந்தது. அது ஒன்றுதான் அன்று நாங்கள் ஆடிய ஆட்டம்.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். ஆளுக்கு 3000 ரூபா சேர்த்தோம், 15,000. மருமகன் ஒரு நாள் மேசன் கூலியை விட்டுவிட்டு வந்தவன். அவனுக்கு அந்தக் கூலிக்குக் குறையாமல் கையிலேயே கொடுத்தோம். அண்ணாவியாருக்குக் கையில் கொடுக்கவில்லை, வெற்றிலையோடு வட்டாவில் வைத்தோம். மாமிக்குத் தனியே. அவருக்குக் காசு கொடுக்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றுவதில்லை. தேத்தண்ணி ஊற்றித் தந்தவர் என்று விட்டுவிடுவார்கள். மிச்சம் கூத்துச் செலவுக்கு. முதல் தடவை மொத்தத்தையும் ஒரு கடித உறையில் போட்டு அண்ணாவியாரிடம் நீட்டியிருந்தேன். அதை யார் யாருக்குப் பிரிப்பது என்ற தலையிடியை அந்த மனிதர் தலையில் கட்டிவிட்டு வானில் ஏறியிருக்கிறேன்.

மாதம் பார்த்துப் போங்கள். ஐப்பசி தொட்டு தை வரைக்கும் மழை. ஒழுங்கைகளில் நடக்க முடியாது, மத்தளத் தோலும் ஈரத்தில் தொய்ந்து சத்தம் அமுங்கிவிடும். மாசியில் எல்லோரும் வயலில். அறுவடை முடிந்து பங்குனி, சித்திரை நல்ல காலம். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கும், அம்மனைக் குளிர்விக்கிற குளிர்த்தியும் வரும். ஊர் முழுக்கக் கோயிலில் நிற்கும்போது நாம் வீட்டுப் படலையைத் தட்டக்கூடாது.

கடைசிப் பகுதி வீட்டுக்கு வீடு. பொழுது பட்டுக்கொண்டிருந்தது. மருமகன் ஒவ்வொரு படலையிலும் நின்று, இங்கே எந்த அரசன் ஆடினான், யார் என்ன கொடுத்தார்கள், எந்த வீட்டுக் கிழவன் வீமனோடு சண்டைக்கு வந்தான் என்று சொல்லிக்கொண்டு வந்தான். ஒரு வீட்டில் பிள்ளைப்பெறு என்பதால் மத்தளத்தை அடக்கி வாசித்தார்களாம். இன்னொரு வீடு இப்போது வெறும் அத்திவாரம். அதன் முன்னும் நின்றான், அங்கே ஆடினதையும் சொன்னான், யார் இருந்தார்கள் என்று மட்டும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

நாலாவது வீட்டில் ஒரு ஆச்சி படலைக்கு வந்து, எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனார். போனவர் ஒரு தேங்காயோடு வந்து ஆசிரியையின் கையில் வைத்தார். வேண்டாம் என்று மறுத்தோம். "இந்த வழியால வந்தா வெறுங்கையோட அனுப்புறல்ல" என்றார். நாங்கள் ஆடவில்லையே ஆச்சி என்றேன். "நடந்தீங்கதான" என்றார்.

அது பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிட்டது. அதற்குப் பிறகு ஒரு படலையையும் சும்மா தாண்ட முடியவில்லை. ஒரு வீட்டில் இரண்டு சுண்டு பச்சையரிசி, ஒரு வீட்டில் முருங்கைக்காய்க் கட்டு, மற்ற வீடுகளிலெல்லாம் தேங்காய். ஏழரை மணிக்குக் கிழமைக் கூத்துப் பார்க்கக் களரி வெளிக்குத் திரும்பினபோது எங்கள் ஐந்து பேர் கையிலும் மொத்தம் ஒன்பது தேங்காய். ஒருவர் தன் சால்வையில் அரிசியை முடிந்து வைத்திருந்தார். அண்ணாவியார் மத்தளத்தை மடியில் எடுத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். தேங்காய்களையும் பார்த்தார். பிறகு மருமகனிடம், "இவங்களுக்கு ஒரு உரப்பை குடுத்து விட்டிருக்கலாமே" என்றார்.

அடுத்த தடவை உரப்பை கொண்டு போகிறேன். இரண்டு.